தம்பியின் கல்லீரல்

ஜூன் 3, திங்கள்

காலையில் செண்பகத்துக்கு உப்பில்லாக் கஞ்சி. அரை டம்ளர் குடித்தாள். மீதியை நான் குடித்தேன். உப்பில்லாமல் எனக்குப் பழகிவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மத்தியானம் டாக்டர் மகபூப் கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரி இருப்பது எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த தெருவில். பதினைந்து வருடமாக என் மகள் செண்பகம் வேலை பார்த்த இடம். கல்லீரல் ஆராய்ச்சியில் அவளுக்குப் பெயர் உண்டு. இப்போது அதே கட்டடத்தில் அவள் நோயாளி. பித்தம் வெளியேறும் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அடைத்துக்கொள்கிற வியாதி. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

வாத்தியாராக இருந்தபோது, எட்டாம் வகுப்பில் கல்லீரல் பாடம் வந்தால் சத்துணவு அமைப்பாளரைத்தான் உதாரணம் சொல்வேன். வருகிற அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். புழுத்ததை ஒதுக்குவார், மிச்சத்தைப் பூட்டி வைப்பார், யாருக்கு எவ்வளவு என்று அளந்து விடுவார். கழிவுநீர்ச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன செய்ய முடியும்? சமையற்கூடமே முழுகிப் போகும். செண்பகத்தின் நிலைமை அதுதான்.

மகபூப் சொன்னது: இனி காத்திருக்க முடியாது. இறந்தவர்களின் கல்லீரலுக்கு வரிசையில் பெயர் இருக்கிறது, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. உயிரோடிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தால் உண்டு.

"என்னுடையதை எடுத்துக்கோங்க" என்றேன்.

"சார், உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு. உங்களையும் சேத்து நான் இழக்கணுமா?"

அவள் அம்மா உயிரோடில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அவள் தம்பி கதிரேசன் ஒருவன்தான் பாக்கி.

ஜூன் 4, செவ்வாய்

கோவில்பட்டியில் இருக்கும் கதிரேசனுக்குப் போன் செய்தேன். கடலைமிட்டாய்ப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"சுகந்திகிட்டப் பேசிட்டுச் சொல்லட்டுமாப்பா?"

"இதுல பேச என்னலே இருக்கு? ஒன் அக்கா."

"சரி. வாரேன்."

உடனே ஒப்புக்கொண்டான். செண்பகம் என் பெயரைச் சொல்ல வைத்தவள். கதிரேசனும் நல்ல பையன்தான், ஆபத்து சமயத்தில் தெரிகிறது.

ஜூன் 8, சனி

கதிரேசன் வந்து இரண்டு நாளாகிறது. ரத்த வகை பொருந்துகிறது. வந்த அன்று வாசலில் நின்று அக்காவைப் பார்த்தவன் உள்ளே வர நேரமாயிற்று. அவள் முகமும் கண்ணும் மஞ்சளாகிக் கிடப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"என்னடா, பேயப் பாத்த மாதிரி நிக்க? மஞ்சள் நீராட்டுன்னு நெனச்சுக்கோ" என்றாள். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கு விளக்கினேன். முருங்கை மரத்தில் பாதியை வெட்டினால் என்ன ஆகும்? வெட்டின இடத்தில் துளிர்க்கும். வெட்டிய கொம்பை வேறிடத்தில் நட்டால் அதுவும் துளிர்க்கும். கல்லீரலும் அப்படித்தான். மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும்.

"மரத்துக்குப் பயம் கிடையாதுல்லப்பா" என்றான்.

நல்ல நகைச்சுவை உணர்ச்சி அவனுக்கு. அம்மாவைப் போல.

ஜூன் 10, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. படம் எடுத்த பெண் வெளியே வந்து, "குழாயெல்லாம் அவ்வளவு அழகா இருக்கு சார், பாடப்புத்தகத்துல போடலாம்" என்றாள். கதிரேசனின் தோளைத் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு முதல் மார்க். அதை அவனிடம் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

துணி துவைத்தேன். செண்பகத்துக்குக் கொடுக்கிற சர்க்கரைப் பாகு மாதிரியான மருந்து வயிற்றாலே போக வைக்கும். உள்ளே சேரும் நஞ்சு மூளைக்கு ஏறாமல் இருக்க அதுதான் வழி. ஒரு நாளைக்கு நாலு முறை சேலையோ நைட்டியோ மாற்ற வேண்டும். அவளுக்கு வெட்கம். "நீ சின்னப் பிள்ளையில போகாததா" என்றேன்.

மருமகள் சுகந்தி போன் செய்தாள். கொடுப்பவரின் மனைவியும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி.

"மாமா, மதினி நல்லாயிரணும்னு நானும் சாமி கும்பிடுதேன். ஆனா பாப்பாவுக்கு ஆறு வயசுதான் மாமா. இவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

ஆயிரம் பேர் பஸ்ஸில் போகிறார்கள், ஒரு பஸ் கவிழ்ந்தது என்று எவரும் பஸ்ஸில் ஏறாமல் இருக்கிறார்களா என்று கேட்டேன்.  அழுதுகொண்டே சம்மதித்தாள். பெண்கள் சந்தோஷத்திலும் அழுவார்கள்.

ஜூன் 15, சனி

செவ்வாய்க்கிழமை கதிரேசனைத் தனியாக வைத்துப் பேசுவார்கள். கொடுப்பவர் மனதாரக் கொடுக்கிறாரா, யாரும் நெருக்குகிறார்களா, பணம் கைமாறுகிறதா என்று தெரிந்துகொள்ள. கேமராவும் இருக்குமாம். இவன் கூட்டத்தில் பேசத் திணறுகிறவன். பதில் தெரிந்தும் சொல்லத் தெரியாமல் தோற்ற பிள்ளைகளை எத்தனை பார்த்திருக்கிறேன். எனவே கேள்விகளை நானே தயாரித்தேன். காலையிலிருந்து பயிற்சி.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்லை. இது என் சொந்த முடிவு. என் அக்கா எனக்கு இன்னொரு தாய்... இன்னொரு தாய்க்குச் சமம்."

"தாய்க்குச் சமமானவள். நிறுத்தி, கண்ணப் பாத்துச் சொல்லு. அடுத்தது: உயிருக்கு ஆபத்து உண்டு என்று தெரியுமா?"

"தெரியும். ஆபத்தை அறிந்தே சம்மதிக்கிறேன். அப்பா, நான் பிளஸ் டூ ஃபெயிலானவன். என்னைய ஏன் போட்டு இந்தப் பாடு படுத்துதீங்க?"

"அதுக்குத்தாம்லே இந்தத் தடவ விடமாட்டேங்கேன்."

படுக்கையிலிருந்து செண்பகம், "அப்பா, அவன விடுங்கப்பா. அவன் மொகத்தப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். களைப்பு. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்தேன். மாலைக்குள் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

அந்த அறைக்குள் மகபூப், ஒரு மனநல மருத்துவர், ஒரு வக்கீல். நான் வெளியே பெஞ்சில். அவனுக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் பரீட்சை நடக்கும்போது வராந்தாவில் நடப்பேனே, அதுபோல நடந்தேன்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"நல்லாச் சொன்னியாலே?"

"சொன்னேன்ப்பா."

"நாம பேசுனபடியா?"

"ஒரு எழுத்து மாறல. அந்த டாக்டர்தான், இது ஒங்க அப்பா சொன்னது மாதிரி இருக்கு, நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பசிக்குதுப்பா. சாப்பிடுவோமா?"

ஓட்டலுக்குப் போனோம். வந்ததிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவன், இன்று நாலு பரோட்டாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டான். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆபரேஷனுக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

மகபூப் கூப்பிட்டார். கதிரேசன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

"சார், மன்னிக்கணும். உங்க மகனோட கல்லீரல் பொருந்தாது. பித்தக் குழாய் பிரியற இடம் சரியில்ல. வெட்டினா ரெண்டு பேருக்குமே ஆபத்து."

"ஸ்கேன்ல நல்லா இருக்குன்னாங்களே?"

"மறுபடி பாத்தோம் சார்."

"அந்தப் படத்த நான் பாக்கலாமா? எனக்கு ஓரளவு புரியும்."

"பாத்து என்ன சார் ஆகப்போகுது?" என்றார்.

வகுப்பில் பொய் சொல்கிற பையன் ஜன்னலைப் பார்ப்பான். மகபூப் ஜன்னலைப் பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்த பெண் சின்ன வயசு. அனுபவம் போதாது. அவளாக ஏதோ சொல்லியிருக்கிறாள். பொறுப்பில்லாமல் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று ஒருநாள் அவளிடம் சொல்ல வேண்டும்.

கதிரேசன் அக்கா காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தலையைத் தடவி, "அதுக்கு நீ என்னடா செய்வே? அப்பா அம்மா செஞ்ச குழாய்" என்றாள்.

ஜூன் 22, சனி

கதிரேசன் ஊருக்குப் போனான். செண்பகம் அவனைப் பார்த்து, லோடு தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜூன் 26, புதன்

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு அடுப்பில் கஞ்சி வைத்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அப்பா, எங்க பிரிவுல ஒரு வழக்கம் இருக்கு. கொடுக்க வாரவங்களத் தனியாக் கூப்பிட்டுக் கேப்போம்ல. அப்ப ஒருத்தங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஏன்னு கேக்க மாட்டோம். வீட்டுக்காரங்ககிட்ட, ஒடம்பு பொருந்தலன்னு டாக்டரே சொல்லிருவார்."

"பொய்தானம்மா அது?"

"பொய்தான். இல்லன்னா அந்த மனுசன் ஊர்ல எப்பிடி நிமிந்து நடப்பான்? பொண்டாட்டிக்கு பயந்தான், சாகக் குடுத்தான்னு பேசுவாங்கள்ல? பெத்தவங்க மொகத்துல எப்பிடி முழிப்பான்?"

"யார் கொண்டுவந்தது?"

"நான்தான்ப்பா. ஆராய்ச்சிக்காக, கல்லீரல் கொடுத்தவங்க நூறு பேருகிட்டப் பேசுனேன். அதுல எத்தன பேரு மனசோட குடுத்தாங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம்தான் இத ஆரம்பிச்சோம்."

நல்ல வழக்கம் என்றேன். துண்டுகளை அடுக்கி அலமாரியில் வைத்தேன். அடுக்கியது சரிந்தது, திரும்ப அடுக்கினேன். இதை ஏன் இன்று சொன்னாள் என்று தெரியவில்லை. மருந்து மயக்கத்தில் ஏதாவது பேசுவாள்.

ஜூலை 1, திங்கள்

நஞ்சு மூளைக்கு ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். தினமும் பெயர் எழுதச் சொல்ல வேண்டும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். எனக்குப் பழக்கமான வேலை. இன்று தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று வந்தவள், அடுத்து மறுபடியும் தொண்ணூற்று மூன்று என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்தது. என்னைப் பார்த்தாள்.

"அடுத்தது சரியா வரும்மா. யோசிச்சுச் சொல்லு" என்றேன். நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் மகபூப் ஓடி வந்தார். விபத்தில் இறந்த ஒருவரின் கல்லீரல். கொழுப்பு அதிகம் என்று வேறு ஆஸ்பத்திரிகள் வேண்டாம் என்றுவிட்டன. செண்பகத்தின் இயந்திரத்தில் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்.

அந்த இயந்திரம்தான் அவள் ஆராய்ச்சி. ஒதுக்கப்பட்ட கல்லீரலை ஒரு பெட்டியில் வைத்து, உடம்புச் சூட்டில் ரத்தம் ஓடவிடுவார்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். தோற்ற பிள்ளைக்கு அக்டோபரில் மறுபடி பரீட்சை வைப்பதுபோல என்று அவளுடைய நண்பர்களிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன். ரத்தத்தில் ஏறும் அமிலத்தைக் கல்லீரல் குறைத்துக்காட்ட வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்ற பாஸ் மார்க்கைக் கணக்குப் போட்டு வைத்தவளும் செண்பகம்தான்.

அவளைத் தயார் செய்தார்கள். நகப் பூச்சு இல்லை, நகை இல்லை. நான் அந்தப் பெட்டியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் ஒன்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் மகபூப் செண்பகத்தின் கட்டிலருகே வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "எவ்வளவு நிக்குது?"

சொன்னார். பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே.

"மாடரேஷன் போடக் கூடாதா டாக்டர்?" என்றேன். "ரெண்டு மார்க்குல போறவன நாங்க விட்டுருவோமா?"

மகபூப் அவளைப் பார்த்தார். அவர் மனசும் ஆடுவது தெரிந்தது.

"வேண்டாம் மகபூப்" என்றாள். "அந்த எண்ணுக்குக் கீழ வச்சு ஒருத்தர்கூட ஒரு வாரம் தாண்டல. கணக்குப் போட்டவளுக்குத் தெரியாதா?" பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, பரீட்சைத் தாள்ல மார்க் கூட்டினா யாரும் சாக மாட்டாங்க. இது வேற" என்றாள்.

பெட்டியை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 10, புதன்

வீட்டுக்கு வந்தோம். பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று தெளிவாக இருந்தாள். வயிற்றில் சேர்ந்த நீரை எடுத்துவிட்டதால் மூச்சு விடச் சிரமம் இல்லை. தலை வாரிவிடச் சொன்னாள். முடி கையோடு வந்தது, அவளுக்குத் தெரியாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

"அப்பா, கதிர் என்னைக்காவது ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல வருவான்."

"என்ன சொல்ல வருவான்?"

"சொல்ல வருவான். அன்னைக்கு நீங்க விளக்கம் சொல்லாதீங்க. உதாரணம் சொல்லாதீங்க. கேளுங்க, போதும். அவன் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் ஒரு வாய்ச் சோறு போடுங்க."

"நான் எந்தப் பிள்ளையையும் பேசவிடாம இருந்ததில்லையே."

"மத்த பிள்ளைகள" என்றாள்.

சரி என்றேன். கோதி முடித்துச் சின்னதாகப் பின்னினேன். நுனியில் கட்ட ரப்பர் பேண்ட் கிடைக்கவில்லை, நூல் கட்டினேன்.

ஜூலை 19, வெள்ளி

இன்று பெயர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தாள், எதற்கு என்று கேட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

செண்பகம் விடியற்காலையில் போய்விட்டாள். மகபூப் அழுதார். கதிரேசனுக்குச் சொல்லியாயிற்று. வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கோவில்பட்டியில் எங்கள் பழைய வீடு. பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். கதிரேசனும் சுகந்தியும் பேத்தியும் அவர்கள் வீட்டுக்குக் காலையிலேயே போயிருந்தார்கள். மத்தியானம் கதிரேசன் மட்டும் திரும்பி வந்தான். சவரம் செய்யாத முகம். இலை போட்டு வைத்திருந்தேன், உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே நின்றான்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்கு அந்த ரூம்ல, அந்த டாக்டரு என்கிட்ட..."

"குழாய் விஷயமா? அதையே நெனச்சுக்கிட்டு இருக்கியா?" என்றேன். "இங்க பாருலே. ஒரு மாமரத்துல ரெண்டு இல ஒண்ணுபோல நரம்போடி இருக்குமா? இருக்காது. மனுசன் ஒடம்பும் அப்பிடித்தான்."

"அது இல்லப்பா."

"அதுதாம்லே. கேளு." காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் படம் போட்டேன். கல்லீரல், அதில் வலப்பக்கக் குழாய், இடப்பக்கக் குழாய், இரண்டும் சேரும் இடம். சிலருக்கு அது முன்னாலேயே பிரியும். சிலருக்கு மூன்றாகப் பிரியும். வெட்டினால் பித்தம் கசியும். ஊருக்குள் ரெண்டு வாய்க்கால் ஒரே மடையில் சேர்ந்தால் நடுவில் எப்படி அடைப்பாய் என்று கேட்டேன். அவன் ஒருமுறை வாய் திறந்தான். நான் இன்னும் முடிக்கவில்லை என்று கையைக் காட்டினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. நான் பேசுவதை நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் போலிருந்தது.

"ஒன் ஒடம்பு அப்பிடி. நீ என்ன செய்வே? புரியுதா?"

அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"புரியுதுப்பா" என்றான்.

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இலையை மடித்து மாட்டுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கதிரேசன் பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் சுகந்திதான் எடுக்கிறாள். "வெளிய போயிருக்காக மாமா" என்கிறாள். பின்னால் அவன் இருமுவது கேட்கிறது. வியாபாரத்தில் வேலை அதிகம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று அவனே எடுத்தான்.

"சொல்லுங்கப்பா."

 காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கத்தில் யாரோ பெட்டிகளை எண்ணும் சத்தம் கேட்டது. ஒரு லாரி போயிற்று. அவன் பேசட்டும் என்று காத்திருந்தேன். இந்த முறை அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் வாயே திறப்பதில்லை என்று இருந்தேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்லே."

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"எனக்குச் சொல்ல என்னப்பா இருக்கு" என்றான். "வண்டில லோடு நிக்கி. வச்சிருதேன்."